திரையில் தெரிந்த பெண்ணும் திரைக்குப் பின்னால் இருந்த முதலாளியும்

(ஆலங்காயத்தில் ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



கூலியைப் பற்றிப் பேசுவார்கள், வீட்டு மனைப் பட்டாவைப் பற்றிப் பேசுவார்கள் என்று எண்ணி வந்திருப்பீர்கள். அவற்றைப் பற்றிப் பேசும் நாள் நாளையும் உண்டு, மறுநாளும் உண்டு. இன்று நாம் பேச எடுத்துக்கொண்டிருப்பது ஒரு சினிமா நடிகையைப் பற்றி. அதுவும் எப்படிப்பட்ட நடிகை? பெயரைச் சொன்ன மாத்திரத்தில் ஆண்கள் பக்கத்தில் ஒரு சிரிப்பு கிளம்பும், பெண்கள் பக்கத்தில் ஒரு முகச்சுளிப்பு தோன்றும். அப்படிப்பட்ட நடிகை. அவர் பெயர் சில்க் ஸ்மிதா.

இதோ, சிரிப்பு கேட்கிறது. சிரியுங்கள், தோழர்களே, தவறில்லை. ஆனால் இந்தச் சிரிப்பும் அந்தச் சுளிப்பும் எங்கிருந்து வந்தன, இரண்டாலும் லாபம் அடைந்தவன் யார், இரண்டையும் தன் தலையில் சுமந்தவர் யார் என்று விசாரிக்க வேண்டாமா? அந்த விசாரணைதான் இன்று நம் வேலை.

"தொழிலாளர் கூட்டத்தில் இந்தப் பேச்சு எதற்கு?" என்று ஒரு பெரியவர் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். நம் பதில் இது: அவரும் ஒரு தொழிலாளி. ஏழை வீட்டில் பிறந்து, பிழைப்புக்கு ஊர்விட்டு ஊர் வந்து, தன் உடல் உழைப்பை நாள் கணக்கில் விற்று, 35-ஆவது வயதில் மாண்டு போனவர். அவரை வைத்து ஓடிய இயந்திரம் அவர் மாண்ட பிறகும் நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கிறது. இதைவிடத் தொழிலாளர் பிரச்னை வேறென்ன வேண்டும்?

கோதாவரிக் கரையிலிருந்து கோடம்பாக்கத்துக்கு

ஆந்திர தேசத்தில் ஏலூருக்கு அருகே கொவ்வலி என்று ஒரு கிராமம். அங்கே 1960 டிசம்பர் 2-ஆம் தேதி பிறந்தார் விஜயலட்சுமி. அதுதான் அவருடைய சொந்தப் பெயர். கோதாவரி டெல்டாவில் உள்ள சீமை அது. 1852-ல் தவளேஸ்வரத்தில் அணை கட்டி முடித்த பிறகு நெல் கொழித்த பூமி. அந்த நெல் யாருடைய குதிரில் போய்ச் சேர்ந்தது? நிலம் வைத்திருந்தவனுடைய குதிரில். நாற்று நட்டவள் வீட்டு அடுப்பு அன்றும் அரைநாள்தான் எரிந்தது.

அந்தக் கொழுத்த சீமையில், விஜயலட்சுமி நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டார். காரணம் வறுமை. பால்மணம் மாறாத வயதில் கல்யாணம் செய்து வைத்தார்கள். போன இடத்தில் கொடுமை. அதிலிருந்து தப்பி, உறவுக்காரப் பெண்மணி ஒருவரின் துணையோடு சென்னைக்கு வந்து சேர்ந்தார்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். கிருஷ்ணா, கோதாவரி டெல்டாக்களில் நெல்லிலும் கரும்பிலும் புகையிலையிலும் சேர்ந்த பணத்தில் ஒரு பகுதி சினிமாவுக்குள் நுழைந்தது. நிலச்சுவான்தார் வீட்டுப் பணம் சென்னைக்கு வந்து படமாக மாறி, திரும்பிப் போய் ஊர் ஊராகச் சினிமாக் கொட்டகையாக எழுந்தது. அதே சீமையிலிருந்து அந்தப் பணம் வந்த வழியிலேயே நாலாம் வகுப்புப் படித்த ஏழைப் பெண்ணும் வந்தாள். மூலதனம் முதல் வகுப்பில் வந்தது. உழைப்பு மூன்றாம் வகுப்பில் வந்தது. இரண்டும் கோடம்பாக்கத்தில் சந்தித்துக்கொண்டன. இதுதான் கதையின் ஆரம்பம்.

சென்னையில் அவருக்குக் கிடைத்த முதல் வேலை நடிப்பு அல்ல. நடிகை ஒருவருக்கு முகப்பூச்சைத் துடைத்துச் சரிசெய்யும் வேலை. சினிமாக்காரர்கள் அதை "டச்-அப்" என்பார்கள். விளக்கின் வெளிச்சம் அடுத்தவர் முகத்தில். அதைத் துடைக்கும் கை இவருடையது.

வேடமே பெயரானது

1980-ல் "வண்டிச்சக்கரம்" என்ற தமிழ்ப் படம் வெளியாயிற்று. சிவகுமாரும் சரிதாவும் நடித்த படம். வினு சக்கரவர்த்தி கதை எழுதினார். அவர்தான் இந்தப் பெண்ணைத் தமிழ்த் திரைக்குக் கொண்டுவந்தவர். அந்தப் படத்தில் சாராயம் விற்கும் இடத்தில் நிற்கும் ஒரு பெண்ணின் வேடம் இவருக்கு. அந்த வேடத்தின் பெயர் சில்க். படம் ஓடிற்று, பெயர் ஒட்டிக்கொண்டது. விஜயலட்சுமி போய் ஸ்மிதா ஆனார், ஸ்மிதா போய் சில்க் ஸ்மிதா ஆனார்.

பெற்றோர் வைத்த பெயரை முதலில் எடுத்துக்கொண்டார்கள். பிறகு குரலை எடுத்துக்கொண்டார்கள். பல படங்களில் அவர் வாய் அசைய, பேசியது வேறொருவர் குரல். பெயரும் அவருடையதல்ல, குரலும் அவருடையதல்ல என்றால் மிச்சம் என்ன? உடம்பு. அதைத்தான் சந்தை விலை பேசிற்று.

ஆனால் அவருக்கு நடிக்கத் தெரியாதா? தெரியும், தோழர்களே! 1981-ல் பாரதிராஜா எடுத்த "அலைகள் ஓய்வதில்லை" படத்தைப் பார்த்தவர்கள் இங்கே இருப்பீர்கள். அதில் கொடுமைக்காரக் கணவனின் வீட்டில் வாழும் மனைவி எலிசபெத்தாக வந்தார். சாதாரணப் புடவை கட்டி, கண்ணாலேயே பேசினார். 1982-ல் "கோழி கூவுது" படத்தில் கிராமத்துப் பெண்ணாக வந்தார். அதே ஆண்டு பாலுமகேந்திராவின் "மூன்றாம் பிறை"யில் வயதான கணவனோடு வாழும் இளம் மனைவியாக வந்தார். 1995-ல் மலையாளத்தில் "ஸ்படிகம்" வந்தது. அதில் அவர் ஏற்ற வேடத்தை அந்த நாட்டு ஜனங்கள் இன்றும் மறக்கவில்லை.

சாவித்திரி, சுஜாதா, சரிதா போலக் குணச்சித்திர நடிகையாக வரவேண்டும் என்பதுதான் தம் ஆசை என்று எண்பதுகளில் ஓர் ஆங்கில சினிமாப் பத்திரிகைக்கு அவரே பேட்டி அளித்திருக்கிறார். ஆசை அது. கிடைத்ததோ ஒரு பாட்டு, ஒரு ஆட்டம், அரை முழத் துணி. தச்சு வேலை தெரிந்தவனுக்கு மூட்டை தூக்கும் வேலையை மட்டும் கொடுத்து, "உனக்கு வேறென்ன தெரியும்?" என்று கேட்பது போன்ற அநியாயம் இது.

சரக்கு எப்படி விற்றது?

இனி வியாபாரத்துக்கு வருவோம். சினிமா ஒரு கலை என்று மேடையில் பேசுவார்கள். கணக்குப் புஸ்தகத்தில் அது சரக்கு.

அந்த நாளில் தமிழ்ப் படத்தை ஏரியா ஏரியாவாகப் பிரித்து விற்றார்கள். சென்னை ஒன்று. கோவை ஒன்று. மதுரை-ராமநாதபுரம் ஒன்று. திருச்சி-தஞ்சை ஒன்று. நம் ஆலங்காயம் இருந்த வடஆற்காடு, தென்னாற்காடு, செங்கல்பட்டு மூன்றும் சேர்ந்து ஒரு ஏரியா. ஒவ்வொரு ஏரியாவிலும் பெரிய ஊர் "ஏ சென்டர்", நடுத்தர ஊர் "பி சென்டர்", நம்மைப் போன்ற சிற்றூர்களும் டெண்டுக் கொட்டகைகளும் "சி சென்டர்". உழைக்கும் ஜனங்களுக்கு அவர்கள் வைத்த பெயர் அது. மூன்றாந்தரம் என்று அர்த்தம்!

படம் எடுப்பவன் தன் பணத்தில் எடுப்பதில்லை. வட்டிக்கு வாங்குவான். வட்டி ஏறிக்கொண்டிருக்கும்போது படத்தை விநியோகஸ்தன் வாங்கியாக வேண்டும். விநியோகஸ்தன் கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா? "படத்தில் சில்க் ஆட்டம் இருக்கிறதா?" இல்லையென்றால் விலை குறையும், அல்லது வாங்க ஆள் இருக்காது. விற்காமல் பெட்டியிலே முடங்கிக் கிடந்த படங்கள்கூட அவருடைய ஒரு பாட்டைச் சேர்த்த பிறகு விலைபோயின என்று அந்தத் தொழிலில் இருந்தவர்களே சொல்லியிருக்கிறார்கள். "சகலகலா வல்லவன்", "மூன்று முகம்" போன்ற பெரிய நடிகர்களின் படங்களிலும் 1982-லிருந்து அவர் ஆட்டம் இருந்தது. பெரிய நடிகர் படத்துக்கு அது கூடுதல் சரக்கு. மலிவுப் படத்துக்கோ அதுவே உயிர்.

அவர் 17 ஆண்டுகளில் 400-க்கும் மேற்பட்ட படங்களில் தோன்றினார் என்று கணக்குச் சொல்கிறார்கள். வகுத்துப் பாருங்கள். ஏறக்குறைய பதினைந்து நாளுக்கு ஒரு படம்! காலையில் ஒரு ஸ்டூடியோ, மாலையில் ஒரு ஸ்டூடியோ, இரவில் மற்றொன்று. ஆலையில் நாம் மூன்று ஷிப்டு என்கிறோம். அவருக்கும் அதே மூன்று ஷிப்டுதான்.

"அவர் லட்ச லட்சமாகச் சம்பாதித்தாரே! நாத்து நடுகிறவளோடு அவரை ஒப்பிடலாமா?" என்று ஒரு தோழர் கேட்கலாம். நியாயமான கேள்வி. சம்பாதித்தார், உண்மை. கார் இருந்தது, வீடு இருந்தது. ஆனால் ஒரு வித்தியாசத்தை மனத்தில் வையுங்கள். படத்தின் நெகடிவ் யாரிடம் இருக்கிறதோ, அவன்தான் முதலாளி. நெகடிவ் இருக்கும்வரை அது காசு ஈன்றுகொண்டே இருக்கும். ஆடியவருக்கோ ஆடிய அன்றைய கூலியோடு சரி. உடம்பு தளர்ந்தால் கூலி நின்றுவிடும். பிராவிடண்ட் பண்ட் இல்லை, கிராஜுவிடி இல்லை, பென்ஷன் இல்லை. உயர்ந்த கூலியும் கூலிதான், தோழர்களே. கூலி உயரமாக இருந்தால் விழும்போது அடி பலமாக இருக்கும், அவ்வளவே.

அவரும் இதைப் புரிந்துகொண்டார் என்றே தோன்றுகிறது. கூலிக்காரியாக இருந்து பயனில்லை என்று தாமே படம் எடுக்க முனைந்தார். அதில் பெரும் நட்டப்பட்டார் என்று அந்நாளைய பத்திரிகைகள் எழுதின. 1996 செப்டம்பர் 23-ஆம் தேதி சென்னையில் தம் வீட்டில் அவர் உயிரிழந்து கிடந்தார். தற்கொலை என்று போலீஸ் தரப்பில் சொன்னார்கள். கடனா, மனத்துயரா, துரோகமா என்று பத்திரிகைகள் வாரக்கணக்கில் ஊகம் எழுதின. அந்த ஊகங்களிலும் காசு பார்த்தார்கள். நாம் அந்த ஊகத்துக்குள் போக வேண்டியதில்லை.

மலிவுப் படம் என்ற தொழிற்சாலை

இது ஒரு பெண்ணின் தலைவிதியா? இல்லை. தனி மனிதர் மாறினாலும் முறை மாறாமல் இருந்தால், அது விதியல்ல, வியாபாரம்.

1989-ல் மலையாளத்தில் "லயனம்" என்று ஒரு மலிவுப் படம் வந்தது. ஸ்மிதா நடித்தது. அதை ஹிந்தியில் டப் செய்து, பெயரை மாற்றி, வடநாட்டில் ஆண்டுக்கணக்கில் ஓட்டினார்கள். அந்தப் பெண்ணை நடிக்க அழைத்தது ஒருமுறை, விற்றதோ நூறு முறை.

ஸ்மிதா மறைந்து நாலு ஆண்டுகூட முழுசாக ஆகவில்லை. 2000-ல் "கின்னாரத் தும்பிகள்" என்ற மலையாளப் படம் வந்தது. அற்பச் செலவில், சில நாளில் எடுத்த படம். அதில் நடித்தவர் ஷகிலா. 1995-ல் ஸ்மிதா நடித்த ஒரு படத்தில்தான் அவர் முதன்முதலில் திரைக்கு வந்திருந்தார். அந்தப் படம் கோடிக்கணக்கில் வசூலித்தது என்றார்கள். உடனே கேரளத்தில் அதே அச்சில் படம் படமாக வார்த்துத் தள்ளினார்கள். பெரிய நட்சத்திரங்களின் படங்களுக்கே இது போட்டி என்று பேச்சு எழுந்தது. தணிக்கைக் குழு பார்த்துச் சான்றிதழ் தந்த படத்துக்குள், பிற்பாடு தனியே எடுத்த துண்டுகளைக் கொட்டகையில் ஒட்டி ஓட்டும் பித்தலாட்டமும் நடந்தது. 1952-ஆம் ஆண்டு சினிமாச் சட்டப்படி அது குற்றம். துண்டில் வருவது வேறொரு பெண்ணின் உடம்பு, சுவரொட்டியில் இருப்பது இந்தப் பெண்ணின் முகம். அவப்பெயர் யாருக்கு? முகத்துக்கு!

ஷகிலா பின்னால் தம் வரலாற்றைத் தாமே எழுதினார். குடும்ப வறுமையே தம்மை இதில் இறக்கியது என்றும், சம்பாதித்த பணம் தம் கையில் தங்கவில்லை என்றும் பகிரங்கமாகச் சொன்னார். அத்தகைய படங்களில் நடிப்பதை அவரே நிறுத்திக்கொண்டார். பிறகு சிறு சிறு நகைச்சுவை வேடங்கள். 2020-21-ல் ஒரு தொலைக்காட்சிச் சமையல் போட்டியில் தோன்றியபோது, கூட இருந்த இளைஞர்கள் அவரை "அம்மா" என்று அழைத்தார்கள். வீட்டு வீட்டுக்கு ஜனங்கள் அதை ஏற்றுக்கொண்டார்கள். இதிலிருந்து என்ன தெரிகிறது? கேவலம் அந்தப் பெண்ணிடம் இருந்ததில்லை. அவரை நிறுத்திவைத்த இடத்தில்தான் இருந்தது. இடம் மாறியதும் மனுஷி தெரிந்தார்.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய சங்கதியும் அல்ல. அமெரிக்காவில் ராஜர் கார்மன் என்ற பட முதலாளி இருந்தார். மலிவுப் படத்துக்குப் பேர் போனவர். 1971-ல் வந்த "தி பிக் டால் ஹவுஸ்" என்ற படம் அவர் கம்பெனிச் சரக்கு. சிறைக்குள் அடைபட்ட பெண்களைக் காட்டிக் காசு பண்ணிய படம். அதை எங்கே எடுத்தார்கள்? அமெரிக்காவிலா? இல்லை, பிலிப்பைன்ஸ் தேசத்தில். அங்கே கூலி மலிவு. பாம் கிரியர் என்ற கறுப்பினப் பெண் அதில்தான் குறிப்பிடத்தக்க வேடத்தில் முதலில் தோன்றினார். அவர் அதற்கு முன் ஒரு படக் கம்பெனியில் வரவேற்பறை வேலை பார்த்தவர். "காஃபி", "ஃபாக்ஸி பிரௌன்" என்று அடுத்தடுத்து அவரை வைத்துப் படம் எடுத்தார்கள். அவர் நல்ல நடிகை என்பதைப் பெரிய பட உலகம் ஒப்புக்கொள்ள 1997-ல் "ஜாக்கி பிரௌன்" வரும்வரை கால் நூற்றாண்டு பிடித்தது. அவருக்கு அந்த 1997 வந்தது. ஸ்மிதாவுக்கு 1996-லேயே முடிந்துவிட்டது.

பழி யார் தலையில்?

தோழர்களே, 2015 ஏப்ரல் 7-ஆம் தேதியை ஜவ்வாது மலை மறக்காது. சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்டினார்கள் என்று சொல்லி, ஆந்திரப் போலீஸ் ஒரே நாளில் 20 பேரைச் சுட்டுத் தள்ளிற்று. திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டங்களைச் சேர்ந்த ஏழைகளே மிகப் பலர். ஜவ்வாது மலைக்காரர்களும் அதில் அடக்கம். அட்வான்ஸ் கொடுத்து ஆள் திரட்டிய தரகன் சாகவில்லை. கட்டையைக் கடல் கடத்தி விற்கிற கோடீஸ்வரன் பெயர் பத்திரிகையில் வரவில்லை. கோடாரி பிடித்தவனுக்குத்தான் குண்டு. "கடத்தல்காரன்" என்ற பட்டமும் அவனுக்கே.

அந்தக் காட்டில் நடந்ததுதான் இந்தக் கொட்டகையிலும் நடந்தது. கடன் கொடுத்த சேட்டின் பெயர் சுவரொட்டியில் இல்லை. விநியோகஸ்தன் முகம் யாருக்கும் தெரியாது. துண்டு ஒட்டி ஓட்டியவன் ஊரில் பெரிய மனிதன், கோயில் திருவிழாவில் முதல் மரியாதை வாங்குகிறவன். வெளிச்சத்தில் நிறுத்தப்பட்டவர் அந்தப் பெண் ஒருவரே. ஆகவே கல்லடி அத்தனையும் அவர் மேல்.

இதற்கு முன்னோடியும் உண்டு. மலையாளத்தின் முதல் மௌனப் படம் "விகதகுமாரன்". ஜே. சி. டேனியல் எடுத்தது. அதில் கதாநாயகியாக நடித்தவர் பி. கே. ரோசி. தாழ்த்தப்பட்ட வகுப்பில் பிறந்த, உடலுழைப்பில் பிழைத்த பெண். அவர் நாயர் வீட்டுப் பெண்ணாக வேடம் போட்டுவிட்டார் என்று ஜாதி வெறியர்கள் கொதித்தார்கள். திருவனந்தபுரத்தில் திரையைக் கல்லால் அடித்தார்கள். அவரை ஊரைவிட்டே துரத்தினார்கள். அவர் தமிழ்நாட்டுக்குத் தப்பி வந்து, பெயர் மறைத்து, யாருக்கும் தெரியாமல் வாழ்ந்து மறைந்தார். ரோசி உடம்பைக் காட்டவில்லையே! கௌரவமான வேடம்தானே போட்டார்! ஏன் அடித்தார்கள்? ஏழைப் பெண் வெளிச்சத்தில் நின்றதே அவர்கள் கண்ணுக்குக் குற்றம். "ஒழுக்கம்" என்று ஆதிக்கக்காரர்கள் கூச்சல் போடும்போது, அந்தக் கூச்சலுக்குள் எந்த வெறி ஒளிந்திருக்கிறது என்று தோண்டிப் பார்க்க வேண்டும்.

அப்படியானால் அந்தப் படங்களை நாம் ஆதரிக்கிறோமா? இல்லவே இல்லை. பன்னிரண்டு மணி நேரம் உழைத்துக் களைத்தவனின் பையிலிருந்து மிச்சக் காசையும் பிடுங்க, பெண்ணைச் சரக்காக்கிக் காட்டும் வியாபாரத்தை நாம் எதிர்க்கிறோம். மாற்றுக் கலை வேண்டும் என்கிறோம். எதிர்ப்பது வியாபாரத்தை, வியாபாரத்தில் சிக்கிய பெண்ணை அல்ல. "அவளாக இஷ்டப்பட்டுத்தானே போனாள்?" என்பார்கள். பசியும் இஷ்டமும் ஒன்றா? கந்துவட்டிக்காரனிடம் கைநாட்டு வைத்தவனும் இஷ்டப்பட்டுத்தான் வைத்தான் என்று கோர்ட்டில் சொல்லுவார்கள். நமக்குத் தெரியாத வாதமா இது?

செத்த பிறகும் உழைப்பு

2011 டிசம்பர் 2-ஆம் தேதி, அவர் பிறந்த தினத்தன்றே, "தி டர்ட்டி பிக்சர்" என்ற ஹிந்திப் படம் வெளியாயிற்று. ஸ்மிதாவின் வாழ்க்கை என்றே நாடு முழுவதும் பேச்சு. குடும்பத்தார் அனுமதி கேட்கவில்லையே என்று ஆட்சேபம் எழுந்ததும், இது அவர் கதை என்று நாங்கள் சொல்லவில்லையே என்று கை விரித்தார்கள். படம் பெருத்த வசூல் பண்ணிற்று. அதில் நடித்த வித்யா பாலனுக்குத் தேசிய விருது கிடைத்தது. அவர் திறமைசாலி, மகிழ்ச்சிதான். ஆனால் யாருடைய வாழ்வு விருதுக்குத் தகுந்த கதையாயிற்றோ, அவர் உயிரோடிருந்தபோது எந்தச் சபையும் அவரை நடிகை என்று மதித்துக் கூப்பிட்டு உட்கார வைத்ததில்லை.

2023-ல் "மார்க் ஆண்டனி" என்ற தமிழ்ப் படத்தில் அவர் சாயலை மறுபடி கொண்டுவந்து திரையில் உலவவிட்டார்கள். மறைந்து 27 ஆண்டுகள்! இப்போது கம்ப்யூட்டர் வித்தையால் செத்தவர் முகத்தையும் நடிக்க வைக்கலாம் என்கிறார்கள். ஆலையில் செத்த தொழிலாளி மறுநாள் வேலைக்கு வரமாட்டான். சினிமாவில் அந்த விடுதலையும் இல்லாமல் போகும் போலிருக்கிறது. முகம் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி இனி சினிமாக்காரர்களின் கேள்வி மட்டுமல்ல. கையில் போன் வைத்திருக்கும் நம் வீட்டுப் பெண்கள் அனைவருடைய கேள்வியும் அதுவே.

சங்கம் வந்த இடமும் வராத இடமும்

சினிமாவில் சங்கமே இல்லையா? இருக்கிறது. அதைக் கட்டியவர்களில் நம்மவர்கள் உண்டு. இசையமைப்பாளர் எம். பி. சீனிவாசன், வங்காளத்திலிருந்து சென்னைக்கு வந்த ஒளிப்பதிவாளர் நிமாய் கோஷ் இருவரும் ஸ்டூடியோ ஸ்டூடியோவாகத் தொழிலாளரைத் திரட்டினார்கள். 1960-ல் தொழிலாளர் வாழ்வைச் சொன்ன "பாதை தெரியுது பார்" படத்தை நிமாய் கோஷ் இயக்க, சீனிவாசன் இசையமைத்தார். லைட் தூக்குகிறவருக்கும் செட் போடுகிறவருக்கும் கால்ஷீட் கணக்கும் பேட்டாவும் வந்தது சங்கத்தால். எந்த முதலாளியும் கருணையால் தரவில்லை.

1981-ல் பார்லிமெண்டில் சினிமாத் தொழிலாளர் சட்டம் வந்தது. எழுத்து மூலமான ஒப்பந்தம் இல்லாமல் வேலைக்கு வைக்கக் கூடாது என்றது அது. 2020-ல் நிறைவேற்றிய தொழிலாளர் தொகுப்புச் சட்டங்களுக்குள் அதையும் அடக்கிவிட்டார்கள். ஆனால் காகிதம் ஒன்று, களம் ஒன்று. கேரளத்தில் 2017-ல் ஒரு நடிகை தாக்கப்பட்ட கொடுமைக்குப் பிறகு, சினிமாப் பெண்கள் ஒன்றுகூடிக் குரல் எழுப்பினார்கள். அதன் பலனாக நீதிபதி ஹேமா தலைமையில் அரசு கமிட்டி அமைத்தது. நடிகை சாரதா அதில் ஓர் உறுப்பினர். 2019 டிசம்பரில் அறிக்கை தந்தார்கள். அது ஜனங்கள் கண்ணில் பட்டது 2024 ஆகஸ்டில்! அதில் என்ன இருந்தது? வேலை வேண்டுமானால் இணங்கு என்று மிரட்டும் கொடுமை. படப்பிடிப்பில் பெண்களுக்குக் கக்கூஸ் இல்லை, துணி மாற்ற மறைவிடம் இல்லை. ஒப்பந்தம் இல்லை. ஜூனியர் ஆர்ட்டிஸ்டுகளுக்குச் சொற்பக் கூலி, அதிலும் பிடித்தம்.

தாய்மார்களே, நீங்களே சொல்லுங்கள். கக்கூஸ் இல்லாத கஷ்டம் கரும்பு வெட்டப் போகிற பெண்ணுக்குத் தெரியாதா? கூலியில் பிடித்தம் நாற்று நடுகிறவளுக்குத் தெரியாதா? இணங்கு என்ற மிரட்டல் எந்த மேஸ்திரியிடமும் எழுந்ததில்லையா? மினுமினுப்பைத் துடைத்துவிட்டுப் பார்த்தால், அவர்கள் பட்டியலும் நம் பட்டியலும் ஒன்றே.

நம் வட்டாரத்துக்கு இதில் என்ன பாடம்?

காவலூரில், நம் ஊருக்கு மேலே மலையில், 1986-லிருந்து பெரிய தொலைநோக்கி ஒன்று நட்சத்திரங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. விஞ்ஞானி நட்சத்திரத்தை ரசிப்பதோடு நிற்பதில்லை. அது எதனால் எரிகிறது என்று கேட்கிறான். சினிமா நட்சத்திரத்தைப் பார்க்கும்போது நமக்கும் அந்தக் கேள்வி வரவேண்டும். எதனால் எரிகிறது? எதை எரித்து எரிகிறது?

இன்று விடிந்தால் இந்த வட்டாரத்திலிருந்து எத்தனை பெண்கள் ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் தோல் கம்பெனி, ஷூ கம்பெனி வேலைக்கு வண்டி ஏறுகிறார்கள்! அவர்கள் காதுபடவே "கம்பெனிக்குப் போகிறவள்" என்று ஒரு தினுசாகச் சொல்லுகிற வாய்கள் இல்லையா? சில்க் ஸ்மிதாவைப் பார்த்து எழுந்த அந்தச் சிரிப்பும் இந்த ஏளனமும் ஒரே அடுப்பில் வெந்தவை. உழைக்கப் போகிற பெண்ணின் மானத்தைக் குறைத்துப் பேசினால், அவள் கூலியையும் குறைத்துக் கொடுக்கலாம், அவள் புகாரையும் அலட்சியம் செய்யலாம். "இவளா புகார் சொல்ல வந்தாள்?" என்று வாயை அடைக்கலாம். ஆகவே ஏளனம் வெறும் பேச்சல்ல. அது முதலாளிக்குக் காசு மிச்சம் பிடித்துத் தரும் ஆயுதம். அந்த ஆயுதத்தைத் தொழிலாளி தன் கையால் தூக்கலாமா?

ஆகவே காரியமாகச் சில சொல்லி முடிப்போம்.

முதலாவது, 2013-ஆம் ஆண்டின் சட்டம் ஒன்று இருக்கிறது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் எந்த இடத்திலும், பெண்கள் மீதான பாலியல் தொல்லையை விசாரிக்க உள்ளுக்குள் ஒரு புகார்க் குழு இருந்தாக வேண்டும். அதற்குத் தலைவர் பெண்ணாக இருக்க வேண்டும், உறுப்பினரில் குறைந்தது பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். உங்கள் கம்பெனியில் அந்தக் குழு இருக்கிறதா, அதில் யார் யார் என்று நாளையே கேளுங்கள். பெயர்ப் பட்டியலைச் சுவரில் ஒட்டச் சொல்லுங்கள்.

இரண்டாவது, வயலில் வேலை செய்கிறோம், பத்துப் பேர் இல்லை, புகாரே முதலாளி மேல்தான் என்றால்? அதற்கு மாவட்ட அளவில் உள்ளூர்ப் புகார்க் குழு உண்டு. வீட்டு வேலை செய்யும் பெண்ணும் அங்கே போகலாம். சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். தக்க காரணம் இருந்தால் மேலும் மூன்று மாதம் அவகாசம் தருவார்கள். எழுதத் தெரியாதவருக்கு எழுத்தில் கொண்டுவர உதவ வேண்டியது அந்தக் குழுவின் கடமை என்று சட்டமே சொல்கிறது. சங்கத் தோழர்கள் கூடப் போங்கள். தனியாக அனுப்பாதீர்கள்.

மூன்றாவது, நம் சங்கக் கூட்டங்களில் பெண்கள் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டுவிட்டுப் போவது போதாது. புகார் சொல்ல வருகிறவள் முகம் பார்த்துப் பேச, கமிட்டியில் பெண் தோழர்கள் இருக்க வேண்டும். சினிமாவில் லைட் தூக்கியவர்களுக்குச் சங்கம் முன்னமே வந்தது. வெளிச்சத்தில் நின்ற பெண்ணுக்குத் துணையாக ஒரு சங்கமும் வந்து நிற்கவில்லை. அந்தக் குறை நம் ஆலையிலும் நம் வயலிலும் நேரக் கூடாது.

விஜயலட்சுமி என்ற கொவ்வலிக் கிராமத்துப் பெண்ணை இனி அந்தப் பெயரைச் சொல்லியும் நினையுங்கள். யாராவது அவரைப் பற்றிக் கொச்சையாகப் பேசினால், "அந்தப் பணமெல்லாம் யாரிடம் போயிற்று, ஐயா?" என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். அந்தக் கேள்வியைக் கேட்கப் பழகிய ஜனங்கள், தங்கள் கூலியைப் பற்றியும் அதையே கேட்பார்கள்.

உழைக்கும் பெண்ணின் மானமும் உழைக்கும் வர்க்கத்தின் மானமும் ஒன்று! அதைக் காக்க ஒன்றுபடுவோம், தோழர்களே!